தயிரில் சர்க்கரை: அளவு யார் கையில்?

மும்பையில் பெரிய பலசரக்குக் கடை எதற்குள் நுழைந்தாலும் குளிர்பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கலாம். கையளவு பிளாஸ்டிக் கிண்ணங்களில் ஸ்ட்ராபெர்ரித் தயிர், மாம்பழத் தயிர், இன்னும் வாயில் நுழையாத பழங்களின் பெயரில் தயிர் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழத்தைத் தொட்டுத் தின்பதற்கென்றே இனிப்புக் குழம்பு ஒன்றைத் தனியாகப் புட்டியில் அடைத்து விற்பதும் தொடங்கிவிட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மட்டுமல்ல. தாராவியில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் நம்மவர் வீடுகளிலும் சம்பளம் வந்த வாரத்தில் இந்தக் கிண்ணம் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கிறது. பழம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை இதையாவது தின்னட்டுமே என்பது பெற்றோரின் எண்ணம். எண்ணத்தில் குறையில்லை. வாங்கும் பண்டத்தைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

2023 மார்ச் மாதத்தில் தயிர் உறை மீது ‘தஹி’ என்று அச்சிட வேண்டும் என உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் சொன்னதும் தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதம் முடிவதற்குள் ஆணையம் இறங்கி வந்தது. வட்டார மொழிப் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்று திருத்தியது. தயிரைத் தயிர் என்று சொல்லும் உரிமைக்காகக் குரல் கொடுத்தது நியாயமே. ஆனால் உறையின் முன்பக்கத்தில் என்ன பெயர் என்று பார்க்கிற நாம், பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறோமா?

பின்பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஓர் அட்டவணை இருக்கும். அதில் மொத்தச் சர்க்கரை எவ்வளவு, சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று இரண்டு வரிகள் உண்டு. முதல் வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். பாலிலேயே இயற்கையாக ஒரு சர்க்கரை இருக்கிறது, நூறு கிராம் சாதாரணத் தயிரில் நாலு கிராம் வாக்கில் அது வரும். இரண்டாவது வரிதான் கவனிக்க வேண்டியது. அது தொழிற்சாலையில் கொட்டியது. பழம் எத்தனை சதவீதம் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். பெட்டியின் மேலே படத்தில் காணும் பழத்துக்கும் அந்த எண்ணுக்கும் உள்ள உறவை வாசகர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

இது வெறும் ருசி சமாசாரம் அல்ல. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைத்து, எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகளுக்குத் தெரியும்படி எழுத வேண்டும் என்பது உத்தரவு. 4 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகள் உட்கொள்ளும் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகிறது, இருக்க வேண்டியதோ 5 சதவீதம் என்று அதில் கண்டிருந்தது. பெரியவர்களுக்கு மட்டுமே வரும் என்று நினைத்திருந்த சர்க்கரை நோய் பிள்ளைகளிடமும் தலைகாட்டுவதையும் அது காரணமாகச் சொன்னது. நீரிழிவு இல்லாத வீட்டைத் தேட வேண்டிய நிலையில் இருக்கிறது நம் சமூகம். இந்தக் கவலை பள்ளிக்கூடத்துப் பலகையோடு நின்றுவிடக் கூடாது.

சரி, பிள்ளைக்குப் பழத்தோடு தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும், அவ்வளவுதானே? இட்லிக்குச் சட்னி, அடைக்கு அவியல், தோசைக்கு மிளகாய்ப்பொடி என்று ‘தொட்டுக்கொள்ள’ என்ற ஒரு சொல்லுக்குள் பாதிச் சமையலையும் அடக்கி வைத்திருக்கும் நமக்கு, இதற்கு விடை தெரியாமல் போவானேன்? பிள்ளைகள் இதை ‘டிப்’ என்கிறார்கள். பெயர் எதுவாக இருந்தால் என்ன. அதன் மூலப்பொருள் நாம் குடியிருக்கும் தெருமுனை டெய்ரியிலேயே கிடைக்கிறது. மராத்தியில் அதற்குச் சக்கா என்று பெயர்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால் மிஞ்சும் கெட்டியான பகுதிதான் சக்கா. நம் காதுக்கு அது ‘சக்கை’ என்று விழும். வேடிக்கை என்னவென்றால், இங்கே சக்காதான் சாரம். இந்தச் சக்காவில் சர்க்கரை சேர்த்து, பூரண யந்திரத்தில் இட்டுச் சுற்றியோ மெல்லிய துணியில் தேய்த்தோ வழவழப்பாக்கி, ஏலக்காயும் குங்குமப்பூவும் சேர்த்தால் அது ஸ்ரீகண்ட். பழைய சமஸ்கிருத நூல்களில் சிகரிணி என்று இதன் மூதாதையைச் சொல்லியிருக்கிறார்கள். மாம்பழச் சாறு சேர்ந்தால் ஆம்ரகண்ட். குஜராத்தில் இதையே சற்றுத் தளர்வாகச் செய்து பழத் துண்டுகளைக் கலந்து ‘மட்டோ’ என்பார்கள். அகமதாபாத் மணிநகர்த் தமிழர்களுக்கு அது புதிதல்ல. ஆக, பழத்துக்கு இனிப்புத் தயிர் என்பது வெள்ளைக்காரன் நமக்குச் சொல்லிக் கொடுத்த சங்கதி ஒன்றும் அல்ல. அடுத்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆங்கிலப் பெயரோடு வந்தபோதுதான் அது நம் கண்ணில் பட்டிருக்கிறது.

இதில் நம்மவர் மனத்தில் இருக்கும் ஒரு தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் வாழ்ந்தும், “தயிரில் சர்க்கரையா?” என்று மூக்கைச் சுளிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. தயிர் என்றால் உப்பு, தாளிதம், சோறு. மோர் என்றால் பெருங்காயம், கறிவேப்பிலை. அதற்கு மேல் போவது ஆசாரக் குறைவு என்பது போன்ற ஓர் எண்ணம். கல்யாணப் பந்தியில் பரிமாறும் தயிர் சாதத்தை நினைத்துப் பாருங்கள். திராட்சையும் மாதுளையும் அதில் இல்லாமலா இருக்கின்றன? கோடைக்காலத்தில் தயிர் சாதத்துக்கு மாம்பழத் துண்டு கடித்துக்கொள்வது திருநெல்வேலியிலிருந்து தஞ்சாவூர் வரை யாருக்குத் தெரியாதது? தயிரும் பழமும் நம் இலையில் ஏற்கெனவே சேர்ந்தவைதாம். நடுவில் இருக்கும் சோற்றை எடுத்துவிட்டால் மீதி என்ன என்று யோசித்தால் போதும்.

ஆனால் ஒன்று. அடுத்த வீட்டு ஸ்ரீகண்டை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அது பண்டிகைப் பலகாரம். சக்கா எவ்வளவோ அவ்வளவு சர்க்கரை என்பது பழைய வீட்டுக் கணக்கு. கடை ஸ்ரீகண்டுக்கு அரசாங்கம் விதித்திருக்கும் தரத்தைப் பாருங்கள்: மொத்தத் திடப்பொருள் 58 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அந்தத் திடப்பொருளில் சர்க்கரை 72.5 சதவீதம் வரை இருக்கலாம். கணக்குப் போட்டால், நூறு கிராம் ஸ்ரீகண்டில் ஏறக்குறைய 42 கிராம் சர்க்கரை இருந்தாலும் அது சட்டப்படி சரியான சரக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்த்த சர்க்கரை நாளொன்றுக்கு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது. இந்த ஐந்து சதவீதம் என்பது ஒரு சராசரிப் பெரியவருக்கு 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் பூரியோடு ஸ்ரீகண்ட் சாப்பிடுகிறவரை இந்தக் கணக்கைச் சொல்லிப் பயமுறுத்துவது அழகல்ல. தினமும் மாலையில் பிள்ளைக்குக் கொடுக்கிற பண்டம் என்றால் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே சக்காவை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம். சர்க்கரையின் அளவை நாம் தீர்மானிப்போம். செய்முறை என்று பிரமாதமாக ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, இரவு உறை ஊற்றினால் காலையில் ஒரு கிலோத் தயிர். எருமைப் பாலாக இருந்தால் கெட்டியாக உறையும். புளிக்காத தயிராக இருப்பது முக்கியம். புளித்ததை எடுத்தால் அந்தப் புளிப்பை மறைக்கவே சர்க்கரையை மேலும் மேலும் கொட்ட நேரும். துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியில் ஒரு துண்டு இதற்கு மிக உத்தமம். கஞ்சி போட்ட புதுத் துணி வேண்டாம். தயிரைக் கொட்டி, நாலு முனையையும் சேர்த்து முடிந்து, கீழே ஒரு பாத்திரத்தை வைத்துத் தொங்கவிடலாம். ஆணி அடிக்கச் சுவர் இல்லாத வீட்டில், சல்லடையின் மேல் மூட்டையை வைத்தாலும் வடியும். மார்ச் முதல் ஜூன் வரை மும்பை வெக்கையில் வெளியில் விட்டால் புளிப்பு ஏறிவிடும். சல்லடையோடு குளிர்பெட்டியில் வைத்துவிடுவது நல்லது.

நாலு மணி நேரத்தில் தயிர் ஏறக்குறைய பாதியாகியிருக்கும். பழம் தொட்டுக்கொள்ள இந்தப் பதமே போதும். ஸ்ரீகண்டுக்கென்றால் இராத்திரி முழுவதும் வடிய வேண்டும். வடித்ததை மத்தாலோ கரண்டியாலோ கட்டியில்லாமல் நன்றாக அடித்து, அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காயின் பொடி. தீர்ந்தது வேலை. சர்க்கரை விழுந்ததும் கலவை சற்று நீர்த்துக்கொள்ளும். ஆகையால் வேண்டிய பதத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே வடித்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பிள்ளைக்கு ஐம்பது கிராம் எடுத்து வைத்தால் அதில் சேர்த்த சர்க்கரை ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சரிபாதிச் சர்க்கரை போட்ட ஸ்ரீகண்டில் அதே ஐம்பது கிராமுக்கு ஆறு தேக்கரண்டி வரும். வித்தியாசம் சொல்லாமலே விளங்கும்.

“நாங்கள் சர்க்கரையே போடுவதில்லை, நாட்டுச் சர்க்கரைதான்” என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. தேன் என்று சொல்கிறவர்களும் உண்டு. மணமும் நிறமும் வேறாக இருக்கலாம். உடம்புக்குள் போனபின் கணக்கில் பெரிய வேறுபாடு கிடையாது. நாட்டுச் சர்க்கரை என்பதற்காக இரண்டு கரண்டி கூடப் போட்டால் நஷ்டம் நமக்கே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் அறவே கூடாது என்பதையும் தாய்மார்கள் நினைவில் கொள்ள வேண்டும். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தில் பாதியை மசித்துக் கலந்தால் சர்க்கரையை இன்னும் ஒரு கரண்டி குறைக்கலாம். பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பதும் நல்ல யோசனை.

பழத்தோடு கலந்து வைக்காமல் தனியாகத் தொட்டுக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்னாசி, பப்பாளி, கிவி போன்ற பச்சைப் பழங்களில் புரதத்தை உடைக்கும் பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தயிரில் கலந்து ஒரு மணி இரண்டு மணி வைத்தால் தயிர் நீர்த்துப்போய்க் கசப்புத் தட்டும். பண்டிகைக்காகக் காலையிலேயே கலந்து வைத்துவிட்டு மதியம் ‘தயிர் கெட்டுப்போயிற்று’ என்று டெய்ரிக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. துண்டைத் தொட்டவுடன் வாயில் போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை கிடையாது. பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். தட்டில் வெட்டி வைத்த பழத்தைத் தின்னாத பிள்ளை, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, குத்தித் தோய்த்துத் தின்னச் சொன்னால் தட்டைக் காலி செய்யும்.

என்ன பழம் என்பதற்கும் இந்த மாநிலத்தில் பஞ்சமில்லை. தூரதேசத்துப் பழங்களைத் தேட வேண்டியதே இல்லை. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. குளிர்காலத்தில் மும்பைத் தெருக்களில் தள்ளுவண்டியில் வருகிறது. அதன் இலேசான புளிப்புக்கு இந்த இனிப்புத் தயிர் மாதிரிப் பொருத்தம் வேறில்லை. நாசிக் திராட்சை, நாகபுரி ஆரஞ்சு, சோலாப்பூர் மாதுளை என்று ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று. டஹாணு பக்கத்துக் கோல்வட் சப்போட்டா தானே தித்திப்பானது. அதற்குத் தொட்டுக்கொள்ளும் தயிரில் சர்க்கரையே வேண்டாம், ஏலப்பொடி மட்டும் போதும். இவை எதுவும் வாங்க முடியாத வாரத்தில் வாழைப்பழமும் கொய்யாவும் இருக்கவே இருக்கின்றன. கொய்யாவுக்கு உப்பும் மிளகாய்த்தூளும்தான் சரி என்று அடம்பிடிக்கிறவர்களோடு எனக்கு விவாதம் இல்லை. நானும் அந்தக் கட்சிதான்.

வடிந்த நீரைக் கொட்டிவிடும் வழக்கத்தைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு கிலோத் தயிருக்கு அரை லிட்டர் வடிகிறது. பாலிலுள்ள சர்க்கரை, தாது உப்புக்கள், கொஞ்சம் புரதம் எல்லாம் அதில் இருக்கின்றன. சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்லது கிடையாது. ரசத்துக்கு விளாவலாம், மோர்க்குழம்பில் சேர்க்கலாம், உப்பும் சீரகப்பொடியும் போட்டுக் குடித்தாலும் குற்றமில்லை. தொழிற்சாலையில் இந்த நீரைப் பொடியாக்கி, உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு டப்பாவில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். நாம் அதைச் சாக்கடையில் விடுகிறோம்.

இதற்கு மறுப்பாக இரண்டு விஷயம் சொல்வார்கள். தயிரும் பழமும் சேர்ந்தால் சளி பிடிக்கும், வைத்திய சாஸ்திரத்துக்கு விரோதம் என்பது ஒன்று. ஆயுர்வேதத்தில் சேரா உணவு என்ற கருத்து இருப்பது உண்மை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களை யாரும் வற்புறுத்தப் போவதில்லை; குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொஞ்சம் நேரம் வெளியில் வைத்துக் கொடுங்கள், இரவில் வேண்டாம். ஆனால் தயிர் ஆகாது என்று சொல்லிவிட்டு அதே பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கும் பெரியவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

இரண்டாவது, நேரம். டோம்பிவிலியிலிருந்து காலை ரயிலில் தொற்றிக்கொண்டு கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும் பெண்ணிடம், துணியில் தயிர் கட்டு என்று சொல்வது எளிது. அவள் கேட்கும் கேள்வி நியாயமானது. இதில் அடுப்பு மூட்டும் வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பத்து வயதுப் பையன் தனியாகச் செய்யக்கூடியது. தாய் செய்துதான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு தகப்பனாரும் பிள்ளையும் சேர்ந்து மூட்டை கட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தயார். சர்க்கரையை அளந்து போடும் கரண்டி பிள்ளையின் கையில் இருக்கட்டும். மூன்று கரண்டி என்றால் எவ்வளவு என்று கண்ணால் பார்த்த பிள்ளை, கடைக் கிண்ணத்தின் பின்பக்க எண்ணைப் பார்க்கும்போது அதற்கு அர்த்தம் தெரியும். பள்ளிக்கூடத்துப் பலகை எழுதிக் காட்டுவதை வீட்டில் கை செய்து காட்டும். பள்ளி டப்பாவில் மட்டும் இதைக் கொடுத்தனுப்ப வேண்டாம்; மதியத்துக்குள் புளித்து நீர்த்துவிடும். செய்ததைக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா, ஆண்டு விழா, பிள்ளைகள் விளையாட்டுப் போட்டி என்று கூடும்போதெல்லாம் கிரீம் கேக்கும் வண்ணக் குளிர்பானமும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நூறு பிள்ளைகளுக்குப் பழம் நறுக்க நாலு தொண்டர்களும், நடுவில் வைக்க ஒரு பெரிய பாத்திரம் சக்காவும் இருந்தால் போதுமே. ஒரு தடவை செய்து பார்க்கட்டும்.

குடி பாட்வாவுக்கு அடுத்த வீட்டு மராத்தியப் பெண்மணி ஸ்ரீகண்டும் பூரியும் கொடுத்தனுப்புவதும், அந்தக் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தராமல் சித்திரைப் பிறப்புக்கு நாம் பாயசமோ வடையோ வைத்துக் கொடுப்பதும் இந்த நகரத்தில் பல சால்களில் இன்னும் நடக்கிறது. அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, எந்த டெய்ரியில் நல்ல சக்கா கிடைக்கும் என்று அந்த அம்மாளையே கேட்டுவிடலாம். அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? வீட்டில் வடிக்க முடியாத வாரத்தில் அது உதவும். பாட்வாவுக்கும் தசராவுக்கும் முந்தின இரண்டு நாள் சக்காவுக்கு வரிசை நிற்கும். மற்ற நாட்களில் காலையில் சொல்லி வைத்தால், பல டெய்ரிகளில் மாலைக்குள் கால் கிலோவாகக்கூட நிறுத்துத் தருவார்கள்.